சினமும் பச்சாத்தாபமும்

இல்லறத்தார் அடையும் துன்பங்களுள் வறுமை, நோய், பிரிவு முதலியவற்றைக் குறித்து நூல்கள் பல பேசுகின்றன. ஆயின், நாடோறும் பல இல்லங்களில் நிகழ்ந்தும் வெளியே ஒருவராலும் சொல்லப்படாத துன்பம் ஒன்று உண்டு. அஃதாவது, சினத்தின் வேகத்தால் தம் குழந்தையை அடித்துவிட்ட தாயோ தந்தையோ, சினம் தணிந்தபின் தம்முள்ளே படும் வேதனையாம். குழந்தை அழுது ஓய்ந்து உறங்கிவிடும். அதன் கன்னத்திற் பதிந்த விரற்சுவடு காலைக்குள் மறைந்துபோம். அடித்தவர் நெஞ்சிற் பதிந்த சுவடோ அவ்வளவு விரைவில் மறைவதில்லை. விளக்கை அணைத்த பின்னும் அவருக்கு உறக்கம் வருவதில்லை. தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவுவார். விடிந்தபின் அதன் முகத்தில் எவ்வாறு விழிப்பதென்று மயங்குவார். இவ்வேதனை எதனால் உண்டாகிறது, இதனால் விளையும் பயன் யாது, இதனை நன்னெறியிற் செலுத்துவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், தண்டித்தல் வேறு, சினந்து அடித்தல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். தண்டனை பிறனது குற்றத்தை அளந்து, அவனது நலத்தை நாடிச் செய்யப்படுவது. சினத்தின் அடியோ அடிப்பவனுடைய கொதிப்பைத் தணிக்கவே எழுவது. இவ்வேறுபாட்டைப் பண்டை யவனர் நன்கு அறிந்திருந்தனர். தாரந்தம் என்னும் நகரத்து ஞானியாகிய ஆர்க்கித்தாஸ், தம் நிலத்தைப் பாழாக விட்டிருந்த காரியக்காரனை நோக்கி, தாம் கோபங்கொள்ளாதிருந்தால் அவனைத் தண்டித்திருக்கக் கூடும் என்று சொல்லி அகன்றனராம். பிளேட்டோவும் ஓர் ஊழியனை அடிக்கக் கையோங்கி, தாம் சினமுற்றிருத்தலை உணர்ந்து, ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு நின்றனர் என்று உரோமை ஞானியாகிய செனேக்கா சினத்தைப் பற்றிய தம் நூலில் எழுதியுள்ளார். சினமுற்றவன் நீதிபதியாதல் இயலாது என்பதே இவ்விரு வரலாறுகளின் கருத்து.

சினம் உடலில் தொழிற்படும் முறையை நோக்கின் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். அமெரிக்க உடலியல் அறிஞராகிய வால்ட்டர் கானன் 1915-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் உடலைப் போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தம் செய்கின்றன என்று விளக்கினார். சிறுநீரகங்களின்மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஆய்ந்து நோக்கும் அறிவு பின்தங்க, கை முந்திக்கொள்ளுகின்றது. பகைவனும் காட்டு விலங்கும் எதிர்ப்பட்ட காலத்து மனிதனைக் காத்த இவ்வேற்பாடு, பால் கிண்ணத்தைக் கவிழ்த்த மூன்று வயதுப் பிள்ளையின் எதிரிலும் அவ்வாறே எழுந்து நிற்கின்றது. இதுவே இதன் விபரீதம்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை பாலைக் கொட்டினால், தந்தை சிரித்துக்கொண்டே துணியெடுத்துத் துடைக்கின்றார். அதே பிள்ளை அதே பாலை வேலைநாளின் மாலையிற் கொட்டினால் அறை விழுகின்றது. குற்றம் ஒன்றே, வேறுபட்டது தந்தையின் நிலை. உறக்கமின்மை, பசி, கடன், மேலதிகாரியின் கடுஞ்சொல், கணவன் மனைவிக்கிடையே உள்ள மனத்தாங்கல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து அக்கையை ஓங்குகின்றன. ஆகவே, அவ்வடி பிள்ளையின் குற்றத்திற்கு அளவன்று. பெற்றோர் அன்று பட்ட பாட்டிற்கே அளவு. மேலதிகாரியின் எதிரே அடங்கிய கோபம் பிள்ளையின் எதிரே அடங்காததற்குக் காரணம், பிள்ளை திருப்பி அடிக்க மாட்டாது என்பதே. தன் சினம் பலிக்கக்கூடிய இடத்திலே அதனை அடக்குபவனே உண்மையில் அடக்கியவன் என்பது வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வற்புறுத்தும் கருத்தாம்.

அடிபட்ட பிள்ளையின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். மூளையின் முன்பகுதியே உந்துதலை அடக்கி, பின்விளைவை நினைக்கச் செய்வது. அப்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி எய்துகின்றது என இக்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். தன்னை அடக்கும் கருவி இன்னும் முற்றாத சிறு குழந்தை தன்னை அடக்கவில்லையென்று, அக்கருவி முற்றிய பெரியோர் தம்மை அடக்காது அடிக்கின்றனர்! இதனைப் பின்னர் உணரும்போதே பெற்றோர் நெஞ்சு சுடுகின்றது.

‘அடியாத மாடு படியாது’ என்றும், முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்றும் நம் நாட்டிற் பழமொழிகள் வழங்குகின்றன. கிறிஸ்தவ இல்லங்களிலோ சாலொமோனின் நீதிமொழிகளிற் பிரம்பைக் குறித்து வரும் வாக்கியங்களை எடுத்துக் காட்டுவர். முருங்கையை ஒடித்தால் அது பக்கக்கிளை விட்டுத் தழைப்பது உண்மையே. ஆயின் ஒடித்த கையை அது நினைவில் வைப்பதில்லை. பிள்ளையோ நினைவில் வைக்கின்றது. பிரம்பைப் பற்றிப் பேசும் அந்நீதிமொழிகளே நீடிய சாந்தமுள்ளவனை மிகவும் புகழ்கின்றன என்பதையும், எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 6-ம் அதிகாரத்திற் பவுல் அப்போஸ்தலர், பிள்ளைகளுக்குக் கோபமூட்டலாகாது என்று தகப்பன்மாரையே எச்சரிக்கின்றார் என்பதையும் நாம் மறத்தல் கூடாது. ஆதலின் பிரம்பை ஆதரிப்போருங்கூடச் சினத்தின் அடிக்கு வேதத்தில் இடங்காணுதல் அரிது.

அனுபவமும் இதனையே காட்டுகின்றது. 2016-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர், அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 75 ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் ஏறக்குறைய 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் அடங்கியிருந்தன. அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளிடத்தே முரட்டுத்தனமும் மனக்கலக்கமும் சற்று மிகுந்தும், பெற்றோரோடு உள்ள உறவு சற்று நலிந்தும் காணப்பட்டன. அடியினாற் கீழ்ப்படிதல் நிலைத்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அத்தொடர்பு மிகப் பெரிதன்று. ஒருமுறை விழுந்த அறை ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துவிடும் என்று அவ்வாராய்ச்சியிலிருந்து முடிவு செய்தலும் கூடாது. எனினும் அடியினால் நன்மை விளையும் என்னும் நம்பிக்கைக்கு அஃது இடந்தரவில்லை. நம் நாட்டிலும் 2009-ம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், தன் 17-ம் பிரிவினால், பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகளை அடித்தலையும் மனத்தைப் புண்படுத்தலையும் விலக்கியுள்ளது.

இனி, அடித்தபின் எழும் துயரத்தின் இயல்பை நோக்குவோம். இது பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் இருவகைப்படும். ‘நான் செய்தது தவறு’ என்பது ஒன்று; ‘நானே பொல்லாதவன், தாயாயிருக்கத் தகாதவள்’ என்பது மற்றொன்று. முன்னதைக் குற்றவுணர்ச்சி எனவும், பின்னதை அவமானவுணர்ச்சி எனவும் மனநூலார் பிரித்துரைப்பர். முன்னது செயலை நோக்குவதாதலின், அதனைச் சீர்செய்யத் தூண்டும். பின்னது தன்னையே நோக்குவதாதலின், ஒளித்துக்கொள்ளவோ பிறரைக் குறைகூறவோ தூண்டும். வேதத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பாடுபட்ட அவ்விரவில் யூதாசு தன் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு மூன்றுமுறை மறுதலித்தான். இருவரும் பின்னர் மனம் நொந்தனர். ஒருவன் நம்பிக்கையிழந்து தன்னை மாய்த்துக்கொண்டான். மற்றவனோ மனங்கசந்து அழுதும் உடன் சீஷரை விட்டு நீங்காதிருந்து, கடற்கரையில் மீண்டும் தன் ஆண்டவரின் முகத்தைக் கண்டான். துயரம் இருவர்க்கும் பொது. திரும்பி வருதலே வேறுபாடு.

இத்துயரத்தினின்று தப்புவதற்குப் பெற்றோர் மூன்று குறுக்கு வழிகளை நாடுகின்றனர். ‘அவன் செய்ததற்கு இதுவும் போதாது’ என்று நியாயம் பேசித் தம் மனச்சாட்சியை அடக்குவது ஒன்று. மிட்டாயும் பொம்மையும் வாங்கிக்கொடுத்து, அன்று கண்டிக்க வேண்டியதையும் கண்டியாது விடுவது மற்றொன்று. பிள்ளையின் எதிரிலேயே தலையில் அடித்துக்கொண்டு புலம்புவது மூன்றாவது. இம்மூன்றாவதில், அடிபட்ட பிள்ளையே அடித்தவரைத் தேற்ற வேண்டியதாகின்றது! இவற்றுள் ஒன்றேனும் பிள்ளையின் நெஞ்சில் உள்ள கேள்விக்கு விடை தருவதில்லை.

அக்கேள்வி யாது? குழந்தைகளுக்குக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற சுவீடன் தேசத்து ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் அம்மையார், 1978-ல் பிராங்க்பர்ட் நகரிற் சமாதானப் பரிசு பெற்றபோது கூறிய வரலாறு ஒன்று இதனை விளக்கும். தாய் ஒருத்தி, குற்றஞ்செய்த தன் சிறுமகனை நோக்கி, வெளியே சென்று தன்னை அடிப்பதற்கு ஒரு குச்சி எடுத்துவரும்படி ஏவினாள். நெடுநேரங்கழித்து அழுதுகொண்டே வந்த அச்சிறுவன், குச்சி அகப்படவில்லையென்றும், தன்மேல் எறிவதற்கு ஒரு கல் கொண்டுவந்திருப்பதாகவும் கூறி அதனை நீட்டினான். தன் தாய் தன்னைப் புண்படுத்த விரும்புகின்றாள். அதற்குக் குச்சியானால் என்ன, கல்லானால் என்ன என்பதே அப்பிள்ளை கண்ட பொருள்! தாய் அவனை அணைத்துக் கதறினாள். பின்பு அக்கல்லை அடுக்களைத் தட்டில் என்றும் தன் கண்ணிற் படும்படி வைத்தாளாம். அதற்கு அடுத்த ஆண்டாகிய 1979-ல், வீட்டிலும் பிள்ளைகளை அடித்தலாகாது என உலகில் முதன்முதற் சட்டம் செய்த நாடு சுவீடனே.

ஆகவே அடிபட்ட பிள்ளையின் கேள்வி, ‘என்மேல் இன்னும் அன்பு உண்டா?’ என்பதே. இதற்கு விடை கூறுதலே பச்சாத்தாபத்தின் தொழில். முதலாவது, கொதிப்பு அடங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அடுத்து, பிள்ளையின் அருகே சென்று, அதன் உயரத்திற்குத் தாழ்ந்து அமர்ந்து, ‘எனக்குக் கோபம் வந்தது, உன்னை அடித்துவிட்டேன், அது தவறு, உனக்கு வலித்திருக்கும்’ என்று சில சொற்களாற் சொல்லுதல் வேண்டும். ‘ஆனால் நீ அப்படிச் செய்ததனால்தான்’ என்னும் வாலை அதனோடு ஒட்டுதல் ஆகாது. ஒட்டினால் மன்னிப்புக் கேட்டல் மீண்டும் குற்றஞ்சாட்டுதலாக முடியும். பிள்ளையின் பிழையைப் பிறிதொரு வேளையில் அமைதியாகத் திருத்தலாம். கொட்டிய பாலை அதனைக் கொண்டே துடைக்கச் செய்யலாம். உடனே சிரிக்கும்படி அதனை வற்புறுத்தாது விடுதலும் நன்று.

மூத்தோர் சிறியோரிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குன்றிவிடுமே என்பர் சிலர். நாம் அங்ஙனம் கருதவில்லை. அதுகாறும் பிள்ளை கண்டது பெற்றோரின் வலிமையை மாத்திரம். அன்று அவர்தம் நேர்மையையும் காண்கின்றது. தவறு செய்தவன் அதனை ஒப்புக்கொண்டு மீண்டும் தலைநிமிரலாம் என்னும் பாடத்தை வேறு எங்கே அது கற்கும்? தாயும் சேயும் இடையறாது ஒத்திசைந்திருத்தல் இயல்பன்று. பிசகுவதும் மீண்டும் கூடுவதுமே இயல்பு, அம்மீண்டும் கூடுதலிலேயே குழந்தையின் நம்பிக்கை வளர்கின்றது என்று இக்காலக் குழந்தைநூலாரும் கண்டிருக்கின்றனர். பிழையற்ற தாய் வேண்டுவதில்லை, போதிய நற்றாய் அமைந்தாற் போதும் என்பது டொனால்டு வின்னிகாட் என்னும் ஆங்கில மருத்துவர் 1953-ல் எழுதிய கட்டுரையின் கருத்து.

எனினும் நாடோறும் அடித்து நாடோறும் மன்னிப்புக் கேட்டல் பச்சாத்தாபமாகாது. மனந்திரும்புதல் என்பது வழியை மாற்றுதலாம். எந்த வேளையில், எந்தக் களைப்பில் தம் கை ஓங்குகின்றது என்பதைப் பெற்றோர் குறித்தறிதல் வேண்டும். கொதிப்பு ஏறுவதை உணர்ந்தவுடன், பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டு, அடுத்த அறைக்குச் சென்று சிறிது தண்ணீர் அருந்தி வருதல் நன்று. கூட்டுக்குடும்பத்தில் ஓங்கிய கைக்கும் பிள்ளைக்கும் நடுவே பாட்டியின் மடி இருந்தது. இருவரே வாழும் இக்காலத்துச் சிறுகுடும்பங்களில், ஒருவர் சினக்கும்போது மற்றவர் பிள்ளையை ஏற்றுக்கொள்வதென்று முன்னரே பேசி வைத்தல் வேண்டும். தம் கை தம் வசத்தில் இல்லையென்று அஞ்சுவோர், அதனை மறையாது மூத்தோரிடமோ மருத்துவரிடமோ சொல்லி உதவி பெறுதல் இன்றியமையாதது.

இக்கல்லூரியிற் பயிலும் மாணவர் பலர்க்கு, தாம் சிறுவராய் அடிபட்ட நினைவு இன்னும் அழியாதிருக்கும். பிள்ளைகளை வளர்க்கும் நாளும் தொலைவில் இல்லை. அடித்த பெற்றோரின் உறங்காத இரவுகளை அவர்கள் அன்று அறிந்திலர்; இன்று அறிதல் நன்று. அங்ஙனம் அறிவார்க்குத் தம் பெற்றோர்மீது உள்ள பழைய மனக்குறை சிறிது ஆறவுங்கூடும். நாளை தம் கை ஓங்கும் வேளையில் அதனைத் தாழ்த்துதற்கும், தாழ்த்த மாட்டாது போயினும் அன்றிரவே பிள்ளையிடம் திரும்பி வருதற்கும் வேண்டிய மனவலியை இறைவன் அவர்களுக்கு அருள்வாராக.