வாழவந்திக்குப் பனிக்கரடி வேண்டாம்

பருவநிலை மாற்றப் பயிலரங்கு என்றால் நம்மிடம் அதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. பிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை. பிறகு புரொஜெக்டரில் உருகும் பனிப்பாறையும் அதன்மேல் தனியாக நிற்கும் பனிக்கரடியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த தோட்டத் தொழிலாளி. அந்தக் கரடிக்காக அவர் பரிதாபப்படலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டத்துக்குத் திரும்பி வரமாட்டார்.

பயிலரங்கு தேறுமா தேறாதா என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நடத்துபவர் தன்னையும் விஷயத்தையும் எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்பதுதான் அந்தப் பத்து நிமிடம். வாழவந்தியில் அப்படி ஒரு கூட்டத்தைத் தொடங்குவதாக வைத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்போம்.

சேலம் மாவட்டம், ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிறது வாழவந்தி. ஏற்காடு அடங்கிய சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை). 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். இருநூறு வருடம் ஆகியும் மலையின் வேலைநாட்களைக் காபிதான் தீர்மானிக்கிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபி என்பதுதான் இங்கே தோட்டத்தின் அமைப்பு.

அராபிகா செடி கோடையின் தொடக்கத்தில் மொட்டோடு காத்திருக்கும். கொஞ்ச நாள் நல்ல காய்ச்சல் வேண்டும். அதன்பின் ஓர் அங்குலத்துக்குக் குறையாத மழை ஒன்று வேண்டும். பெய்தால் எட்டு, பத்து நாளில் தோட்டமே வெள்ளை வெளேரென்று பூத்துவிடும், மல்லிகைபோல மணக்கும். வெறும் தூறலோடு மழை ஏமாற்றினால் மொட்டு சரியாக விரியாமல் வீணாகும். பூ விரிந்திருக்கும் நாளில் கனமழை அடித்தால் காய்ப்பிடிப்பு குறையும். பூத்து முடிந்து சில வாரத்தில் இன்னொரு மழை வரவேண்டும். அது வராவிட்டால் பிடித்த பிஞ்சும் நிற்காது. ஒரு குடும்பத்தின் வருட வருமானம் இந்த இரண்டு மழைகள் வரும் தேதியில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பருவநிலைப் பாடம் எந்த வடதுருவத்தில் கிடைக்கும்?

எனவே என் யோசனை, பேனரும் மேடையும் இல்லாமல் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இப்படித் தொடங்குவது:

“வணக்கம்ங்க. நான் மழையப் பத்திப் பாடம் நடத்த வரலைங்க. இந்த மலை மழை உங்களுக்குத்தான் தெரியும். விஞ்ஞானிங்க உலகம் பூரா அளந்து வெச்ச கணக்கு கொஞ்சம் எங்கிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். மூணு மணி நேரம் ஆகும், நடுவுல டீ உண்டு. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் தப்புன்னு சொல்ல வேண்டாம்; ‘அது எந்த வருசம்?’னு தாராளமாக் கேக்கலாம். இன்னொண்ணுங்க. இங்க வந்தா லோன் கிடைக்கும், மானியம் கிடைக்கும்னு யாராவது சொல்லியிருந்தா, அது இல்லை. இப்பவே சொல்லிடறேன். சரி, பெரியம்மா, நீங்க சொல்லுங்க. இந்த வருசம் காபி எப்பப் பூத்துச்சு?”

கடைசிக் கேள்வியைப் பெரியம்மாவிடம் கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. ஊரில் செல்வாக்குள்ள ஆண் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. பழம் பறித்து, களத்தில் உலர்த்திய பெண் முதலில் வாய் திறந்தால் ஒதுங்கி உட்கார்ந்தவர்களும் பேசுவார்கள். மானியம் இல்லை என்று சொன்னதும் நாலு பேர் எழுந்து போகலாம். போகட்டும், மூன்று மணி நேரம் கழித்து ஏமாந்து போவதைவிட அது நல்லது.

இந்த மூன்று மணி நேரக் கணக்கு கிளைமேட் ஃப்ரெஸ்க் என்ற பயிலரங்கிலிருந்து எடுத்தது. பிரான்ஸின் செட்ரிக் ரிங்கன்பாக் உருவாக்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளிலிருந்து எடுத்த 42 அட்டைகள். ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி நின்று, எது காரணம், எது விளைவு என்று பேசிப் பேசி அட்டைகளை அடுக்கிக் கோடு இழுத்து இணைப்பார்கள். நடத்துபவர் விரிவுரை ஆற்றக்கூடாது. அருமையான ஏற்பாடு. ஆனால் அட்டைகளில் வரைபடமும் எழுத்தும்தான். படித்தவர் வாசிக்க, படிக்காதவர் பார்த்துக்கொண்டிருக்க நேரிட்டால் அது மறுபடியும் வகுப்பறைதான்.

அதற்கு மாற்று நம் தொண்டு நிறுவனக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தரையில் கோலமாவால் பன்னிரண்டு கட்டம் போட்டால் அதுதான் வருடம். மழை அதிகமான மாதத்தில் காபிக்கொட்டையை அதிகமாகவும், குறைந்த மாதத்தில் குறைவாகவும் வைக்க வேண்டும். மேல்வரிசை பெரியவர்களின் இளமைக்காலம், கீழ்வரிசை இப்போது. கொட்டைகள் இடம் மாறும்போது சண்டை வரும். அந்தச் சண்டைதான் பயிலரங்கு.

நினைவு ஏமாற்றும் என்பதையும் நடத்துபவர் மறக்கக்கூடாது. “அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு” என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பாட்டு. அதனால் தெரிந்த வருடங்களை முளைக்குச்சியாக அடித்துக்கொள்ள வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் கிணறு எப்படி இருந்தது? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்து உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அன்று உங்கள் ஊரில் என்ன ஆனது? இதைச் சொல்லும்போதே, ஒரு புயலோ ஒரு வறட்சியோ பருவநிலை மாற்றத்துக்கு ஆதாரம் ஆகாது, அதற்கு முப்பது வருடச் சராசரி பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். கொட்டினால் மொத்தமாகக் கொட்டுவதற்கு அது ஒரு காரணம்.

கெட்டது எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அதிகாரிகளுக்கு அது வசதி. இந்த மலையில் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள், சுற்றுலாவுக்காக விடுதிகள் எழும்பியிருக்கின்றன, நாட்டு மரங்கள் இருந்த இடத்தில் சில்வர் ஓக் நிற்கிறது. ஊற்று வற்றியதற்கு வானம் மட்டும் காரணமா என்று ஊர்க்காரர் கேட்டால், அந்தக் கேள்வியை நடத்துபவர் அமுக்கக்கூடாது. தாளில் எழுத வேண்டும். அராபிகாவின் பெரிய எதிரி போரர், அதாவது தண்டு துளைக்கும் வண்டு. அது வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில்தான் விரும்பி முட்டையிடும். நிழல் மரத்தை வெட்டியது நாம். வெப்பத்தைக் கூட்டியது உலகம். இரண்டும் ஒரே செடியில் வந்து சேர்கின்றன.

உலகத்தின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லத் தயங்க வேண்டாம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தியர் ஒருவர் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 2 டன் வெளியேறுகிறது. அமெரிக்கர் ஒருவருக்கு அதைப்போல ஏழு மடங்கு. இந்தியச் சராசரியிலேயே நகரத்தின் காரும் ஏசியும் அடக்கம். விறகு பொறுக்குகிற பெண்ணிடம் போய் “பூமியைக் காப்பாற்றுங்கள்” என்று உபதேசிப்பது, என்னைக் கேட்டால், அநாகரிகம்.

அறுவடைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, இந்தக் கூட்டத்தை வைக்காதீர்கள். பறிப்பு முடிந்தபின் வையுங்கள். வருகிறவர்களுக்கு அரைநாள் கூலியைக் கொடுங்கள். பேனர், பொன்னாடைச் செலவில் அது அடங்கும். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்ட அளவில் கலெக்டர்தான் இயக்குநர். கோலமாவில் போட்ட கட்டத்தைத் தாளில் வரைந்து அசலை ஊரிலேயே வைத்துவிட்டு, நகலை சேலம் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.