எவர்சில்வர் கார்

நம் வீடுகளில் எவர்சில்வருக்கு இருக்கும் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணச் சீரில் பெயர் பொறித்து வந்த குடம், ஐம்பது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. அதே உலோகத்தில் ஒரு காரையே செய்துவிட்டால்?

1981-ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் அப்படி ஒரு கார் தயாரானது. பெயர் டிலோரியன். 1985-இல் வெளிவந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, பறவை சிறகை விரிப்பதுபோல் கதவுகள் மேலே திறக்கும் அந்தக் கார் நினைவிருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து, 1973-இல் விலகிய ஜான் டிலோரியன் என்ற எஞ்சினீயரின் கனவு அது. துருவே பிடிக்காத, நீண்ட காலம் உழைக்கும் ஸ்போர்ட்ஸ் கார் என்பது அவர் பேச்சு. பிரிட்டிஷ் அரசாங்கம் பணம் கொடுத்தது. பெல்ஃபாஸ்ட் நகரையொட்டிய டன்மரியில் தொழிற்சாலை எழுந்தது. வடிவம் இத்தாலியரான ஜுஜாரோ. எஞ்சினீயரிங் வேலை லோட்டஸ் கம்பெனி. விலை 25,000 டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை.

வெளித் தகடு 304 ரக எஃகு. இதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மறுபடி உண்டாகிவிடும். ஆகவே பெயிண்டே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. சாதாரணக் காரில் நசுங்கல் விழுந்தால் டிங்கரிங் செய்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். இதில் மறைக்கப் பெயிண்டே இல்லையே! தேய்த்த வரிகள்கூடப் பழைய வரிகளோடு இசைய வேண்டும். கை வைத்த இடமெல்லாம் விரல் ரேகை வேறு.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எவர்சில்வர் என்பது மேல்தோல் மட்டுமே. அதன் உள்ளே ஃபைபர் கிளாஸ் உடல். எல்லாப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டமோ சாதாரண மைல்ட் ஸ்டீல், மேலே எபாக்சி பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை கவலையில்லை. ஒரு கல் தெறித்தோ ஜாக்கி வைத்தோ சிறு வெடிப்பு விழுந்தால், ஈரம் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். வெளியே பார்த்தால் வழவழப்பு அப்படியே இருக்கும்.

இது ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. பழைய ஐ.சி.எஃப். ரகப் பெட்டிகள் புதுப் பெயிண்டில் ஜொலிக்கும். கழிப்பறைக்கு அடியில் இரும்பு அரித்துப் போயிருக்கும். வொர்க்‌ஷாப்பில் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டொக்' என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும். பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. ரகத்தில் கூரைக்கு மட்டுமல்லாமல், தண்ணீர் தேங்கும் தரைத் தகட்டுக்கும் துருப்பிடிக்காத எஃகைப் போட்டார்கள். நல்ல உலோகம் அழகுக்காக அல்ல, அரிக்கும் இடத்துக்காக என்பது அதில் இருக்கும் பாடம்.

டிலோரியனின் கட்டுமானத்திலும் குறைகள் இருந்தன. கனமான கதவுகளைத் தூக்கிப் பிடிக்க, கடுங்குளிரில் பதப்படுத்திய முறுக்குக் கம்பிகளை வைத்தார்கள், யோசனை அபாரம். ஆனால் ஆரம்ப வண்டிகளில் கதவுகள் சட்டத்தோடு சரியாகப் பொருந்தவில்லை, தண்ணீர் ஒழுகியது. மின்சாரத் தேவைக்கு ஆல்டர்னேட்டர் போதாமல் பேட்டரி இறங்கியது. கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த வண்டிகளை, அங்கே தனி மையங்களில் சரிசெய்த பிறகே டீலர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

தொழிலாளர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. பலருக்கு அதுதான் முதல் வேலை. லோட்டஸ் கையில் எடுத்து இரண்டு வருஷம் சொச்சத்தில் உற்பத்தியே தொடங்கிவிட்டது. சோதித்துத் திருத்த அவகாசம் எங்கே? பழகப் பழகக் கை தேர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் பெயர் கெட்டுவிட்டது, விற்பனையும் படுத்தது. 1982 பிப்ரவரியில் கம்பெனி ரிசீவர் கைக்குப் போய், அந்த ஆண்டே மூடப்பட்டது. மொத்தம் செய்தது சுமார் 9,000 கார்கள். கத்தோலிக்கர்களும் புராடஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த ஊரில், இரு தரப்பினரும் தோளோடு தோள் நின்று வேலை செய்த இடம் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பிழைப்பு போயிற்று.

அந்தக் கார்களில் பல இன்றும் ஓடுகின்றன. மேல் தகடு மங்கவில்லை. ஆனால் விவரம் தெரிந்தவர் வாங்கப் போனால் முதலில் தரையில் படுத்து அடிச்சட்டத்தைத்தான் பார்ப்பார்.

நம் பிள்ளைகள் இன்று லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்குகிறார்கள். ஷோரூமில் டச் ஸ்கிரீனையும் தோல் சீட்டையும் காட்டுவார்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். துருவுக்கு எத்தனை வருஷ வாரண்டி, அது அடிச்சட்டத்துக்கும் சேர்த்தா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.