மலைமேல் அடுப்பு – 14: கதவைத் திறக்கும் அந்த நொடி

போன வாரம் குக்கர் வெயிட்டோடு நிறுத்தினோம். கொல்லிமலைச் செம்மேட்டு உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றதை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும். இந்த வாரம் எர்த், லோ வோல்டேஜ் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மைக்ரோவேவ் ஓவனின் கதவு குறுக்கே வந்துவிட்டது.

கொல்லிமலையில் தங்கும் விடுதிகள் பெருகிய பிறகு ஓவன்களும் மேலே ஏறியிருக்கின்றன. செம்மேட்டுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே அப்படி ஒரு விடுதி. வெளியே விறகடுப்பில் சாமைச் சோறு, உள்ளே கேஸ் அடுப்பில் குழம்பு, அலமாரித் தட்டில் ஓவன். சமையல் பார்க்கும் அக்கா பட்டனை அழுத்தியதும் நேரே வாசற்படிக்குப் போய் நின்றுகொள்கிறார். பேரனையும் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொள்கிறார்.

"கதிரு வெளிய வருதுங்க சார். போன மாசம் தங்கியிருந்த தம்பி ஒருத்தரு சொன்னாரு. இது ஓடுனா அவருக்கு வைஃபை நின்னு நின்னு போகுதாம். அப்ப ஏதோ கசியுதுன்னுதானுங்களே அர்த்தம்?"

அருமையான கேள்வி. ஆமாம், கசிகிறதுதான். ஓவனுக்குள் இருக்கும் மேக்னட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 245 கோடி தடவை துடிக்கும் அலையை உண்டாக்குகிறது. வைஃபையும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ரவுட்டர் அனுப்புவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஓவனுக்குள் சுழல்வதோ 700, 800 வாட். அதில் துளி வெளியே வந்தாலும் வைஃபை திணறிப்போகும். ஆனால் உடம்புக்கு அந்தத் துளி ஒன்றுமில்லை. ஓவனின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் வரைதான் கசியலாம் என்று விதி. அரை மீட்டர் தள்ளி நின்றாலே அது நூறில் ஒரு பங்காகிவிடும். இந்த அலை எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஜாதி இல்லை, சூடாக்க மட்டுமே தெரியும். ஓவன் நின்றதும் அலையும் தீர்ந்தது, சோற்றுக்குள் எதுவும் தங்குவதில்லை.

இதை அவருக்குச் சொல்லிவிட்டு, வைஃபை விஷயத்தை இன்னும் சரியாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே கிடைத்த கதை இந்த வாரத்தையே எடுத்துக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பார்க்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1961-ல் தொடங்கியது. 1969-ல் நிலவில் மனிதன் நடந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. (நம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் கட்டிய தொலைநோக்கி 1970 முதல் வேலை செய்கிறது. 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்துக்கு ஏறக்குறைய ஒத்த சரிவுள்ள மலையைத் தேடிப்பிடித்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) பார்க்ஸில் 2001-ல் பதிவான தகவல்களை டங்கன் லாரிமரும் கூட்டாளிகளும் மறுபடி அலசியபோது, சில மில்லி நொடியே நீடித்த ஒரு பலத்த துடிப்பு கண்ணில் பட்டது. 2007-ல் வெளியிட்டார்கள். உயர்ந்த அலைவரிசை முதலில், தாழ்ந்தது பின்னால் என்று வரிசையாக வந்து சேர்ந்திருந்தது. விண்வெளியில் வெகுதூரம் கடந்து வரும் துடிப்புக்கு அதுதான் அடையாளம். நம் பால்வீதிக்கு அப்பாலிருந்து வந்தது என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். சாரா பர்க்-ஸ்போலோர் குழு 2011-ல் இன்னொரு வகைத் துடிப்புகளை வெளியிட்டது. அதே வரிசை, அதே சாயல். ஆனால் தொலைநோக்கியின் 13 கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தன. வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படித் தெரியாது, பக்கத்திலிருந்து வந்தால்தான் தெரியும். 1998 முதலே இவை பதிவாகியிருந்தன. பெரும்பாலும் பகலில். பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். மின்னலா, வளிமண்டலமா என்று பல வருடம் யோசித்தார்கள். இவை பூமியில் பிறந்தவை என்றால் லாரிமர் கண்டதும் அப்படித்தானா என்ற சந்தேகமும் கூடவே வளர்ந்தது.

2015 ஜனவரியில் பார்க்ஸில் குறுக்கீடுகளைக் கண்காணிக்கப் புதுக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அந்த மாதம் ஒரே வாரத்தில் மூன்று பெரிட்டான்கள் வந்தன. மூன்று முறையும் அதே கணத்தில் புதுக் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது ஓவன் துடிக்கும் அலைவரிசையில், ஓர் அலையைப் பிடித்திருந்தது. அப்போது முனைவர் பட்ட மாணவியாக இருந்த எமிலி பெட்ரோஃபும் குழுவினரும் வளாகத்து மைக்ரோவேவ் ஓவன்களைச் சந்தேகித்தார்கள். தண்ணீர் வைத்து, நேரம் முடியும்வரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மார்ச்சில் மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, மணி அடிக்கும் முன்னால், கதவை இழுத்துத் திறந்தார்கள். பெரிட்டான் வந்தது.

கதவு திறந்ததும் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆனால் மேக்னட்ரான் அணைந்து அடங்கும் அந்தக் கண்ணிமைப்புக்குள், பல அலைவரிசைகளில் இறங்கிக்கொண்டே ஒரு துடிப்பை விடுகிறது. திறந்த வாசல் வழியாக அது தொலைநோக்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டைச் சூடு பண்ணும் பசியும் அவசரமும், அண்டவெளியைக் கேட்கிறவர்களை இத்தனை வருடம் அலைக்கழித்திருக்கின்றன. லாரிமர் கண்டது உண்மையானதே என்பதும் இந்த வேலையால் உறுதிப்பட்டது. பொய்த் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதால் மெய்த் துடிப்பைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. 2020 ஏப்ரலில் நம் பால்வீதிக்குள்ளேயே, கடும் காந்தப்புலம் கொண்ட ஒரு நட்சத்திரத்திலிருந்து அந்த வகைத் துடிப்பு வந்து பதிவானது.

இந்தக் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு இதுவே நினைப்பு. நாம் எல்லோரும் அப்படித்தானே கதவை இழுக்கிறோம்?

அந்த இழுப்பால் நமக்கு வரும் கேடு அலை அல்ல. அலை கண நேரத்தில் அடங்கிவிடுகிறது. கேடு சுவிட்சில் தொடங்குகிறது. கதவின் கொக்கிகள் போய் அமரும் துளைக்குப் பின்னால் பொதுவாக மூன்று சிறு சுவிட்சுகள் இருக்கும். கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டுவது இரண்டு. மூன்றாவது காவல்காரன். முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் போனால், இவன் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடுவான். கதவு திறந்த நிலையில் ஓவன் ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஓவனையே சாகடிக்கும் ஏற்பாடு. முழு மின்சாரம் ஓடும்போது கதவை இழுத்தால் ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் முனையில் பொறி விழுகிறது. முனை கருகி, ஒட்டி, கடைசியில் ஒருநாள் கதவைத் திறந்த மாத்திரத்தில் ஓவன் மொத்தமாக இறந்துபோகும். விளக்கு இல்லை, பீப் இல்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்று வரும் புகார்களில் நிறைய இதுதான்.

இங்கே இன்னொன்றும் சேர்கிறது. சமவெளியில் வாங்கிய ஓவன் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கித்தான் மேலே வருகிறது. உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கம் லேசான கதவு. சாய்ந்து விழுந்தால் முதலில் கோணுவது கீல்தான். கதவு அலையைத் தடுப்பது ரப்பர் பட்டையால் அல்ல. கண்ணாடிக்கு நடுவே பொடித்துளைத் தகடு, விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் சுமார் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இணையான ஒரு பள்ளம். அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், அதில் கால் பங்கு இந்தப் பள்ளம். வெளியே வரப் பார்க்கும் அலை இதற்குள் போய்த் திரும்பி, தன்னையே அழித்துக்கொள்கிறது. கதவு நேராக உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். அதனால் மலைமேல் ஓவன் வந்து இறங்கியதும் முதல் வேலை, கதவை மெல்ல மூடி நான்கு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று கண்ணை ஓரத்தில் வைத்துப் பார்ப்பது. விளிம்பில் காய்ந்த சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். கீல் ஆடினாலோ கொக்கி உடைந்திருந்தாலோ அந்த ஓவனை ஓட்டாதீர்கள்.

இனிமேல்தான் எனக்கு உண்மையில் பயமான இடம். ஃபியூஸ் போன ஓவனை யார் பார்ப்பார்? மலையில் மிக்ஸி, டிவி, மோட்டார் எல்லாம் பார்க்கிற தம்பி ஒருவர் இருப்பார், கைராசிக்காரர். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் மூடியைக் கழற்றுவார். மிக்ஸிக்கு அந்த தைரியம் போதும், ஓவனுக்குப் போதாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் நம் 230 வோல்ட்டை 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுகிறது. கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை மேக்னட்ரானுக்கு 4,000 வரை கொண்டுபோகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் அந்த மின்னூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கலாம். அதை வடித்துவிடச் சிறு மின்தடை உள்ளே வைத்திருப்பார்கள். அது கெட்டிருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஒரு முனையில் விரல் பட்டால் இதயம் நின்றுவிடக்கூடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து பார்க்கும் பழக்கத்தை அந்தத் தம்பியிடம் கண்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஓவனுக்கென்றே பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள், நாமக்கல்லுக்கு இறக்க வேண்டியிருந்தாலும் சரி.

பழைய ஓவனை உடைத்து டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வேறு வேலைக்கு வைப்பது இதைவிட மோசம். மரப்பலகையில் மின்னல்கோடு மாதிரி கருக்கி அலங்காரம் செய்ய அமெரிக்காவில் பலர் அப்படிச் செய்து இறந்துபோனார்கள். அங்குள்ள மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த முறையையே தடை செய்துவிட்டது. அதைக் காட்டும் வீடியோக்கள் இங்கேயும் சுற்றுகின்றன.

அடுப்பங்கரைக்குத் திரும்புவோம். 96 டிகிரியை நினைவில் வைக்கச் சொன்னேன். வழுவழுப்பான பீங்கான் கோப்பையில் வெறும் தண்ணீரை ஓவனில் வைத்தால், குமிழி பிடித்து எழ ஒரு சொரசொரப்பு கிடைக்காமல், 96-ஐத் தாண்டியும் தண்ணீர் அசையாமல் இருக்கும். எடுத்து காபித் தூளைப் போட்டதும் மொத்தமும் சீறி முகத்தில் அடிக்கும். விடுதிகளில் கொல்லிமலைக் காபித் தூளும் ஓவனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன். வைக்கும்போதே ஒரு மரக் குச்சியைப் போட்டுவையுங்கள், நின்ற பிறகு ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள்.

பலாக்கொட்டை வெடிக்கும் விஷயம் அந்த அக்காவுக்கே அத்துப்படி. தணலில் போடும் முன் ஒவ்வொரு கொட்டையையும் கத்தி நுனியால் ஒரு கீறு கீறிவிட்டுத்தான் போடுகிறார். கீறாத கொட்டை வெடித்துக் கண்ணில் தெறிக்கும் என்பது அவர் சின்ன வயதில் கற்றது. ஓவனிலும் அதே சட்டம்தான் என்றதும் சிரித்துவிட்டார். "இதுக்கும் அதேதானுங்களா?" என்றவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

முட்டைக்குக் கீறலும் உத்தரவாதமில்லை. நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதாமல் முடியாது. அவித்து உரித்த முட்டையை ஓவனில் மறுபடி சூடு பண்ணி, வாயில் வைத்ததும் வெடித்ததாக அமெரிக்காவில் ஒருவர் வழக்குப் போட்டார். அதற்காக ஒலியியல் நிபுணர் இருவர் நூறு முட்டைகள் அளவுக்குச் சோதித்து 2017 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். வெடித்தவற்றின் சத்தம் ஓர் அடி தூரத்தில் 86 முதல் 133 டெசிபல். சோதனையில் முட்டையைச் சுற்றி ஊற்றியிருந்த தண்ணீரைவிட மஞ்சள் கரு அதிகச் சூடாக இருந்தது. மஞ்சள் கருவுக்குள் சிறு சிறு பைகளில் அடைபட்ட ஈரம் கொதிநிலையைத் தாண்டிக் காத்திருக்கிறது, பல்லோ ஊசியோ குத்தியதும் எல்லாம் ஒரே சமயத்தில் ஆவியாகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் முட்டையை வெந்நீரில் போட்டுச் சூடாக்குங்கள், ஓவன் வேண்டாம்.

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காமல் சுவரில் சுவிட்சை அணையுங்கள். காற்று கிடைக்காமல் அது தானே அடங்கும். எவர்சில்வர் டம்ளர், தங்க விளிம்புக் கோப்பை, அலுமினிய ஃபாயில் பற்றி ஓவனோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது, படித்துவிடுங்கள்.

எர்த்துக்கு இடமில்லாமல் போய்விட்டது, அச்சுக்கு நேரமாகிறது. அடுத்த வாரம் அதுதான், கூடவே மழைக்காலத்து லோ வோல்டேஜில் ஓவன் ஏன் சோற்றைப் பாதி சூட்டில் விடுகிறது என்பதும். அதற்குள் உங்கள் வீட்டு ஓவனின் பிளக் எந்த பாயிண்டில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள்: பெரிய துளையுள்ள 16 ஆம்பியரிலா, சின்ன 6 ஆம்பியரிலா, இல்லை இரண்டு பின் அடாப்டரிலா. அடாப்டர் என்றால் அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.