பழைய விதிநூலை வாங்கலாமா? ‘வார்ஹேமர்’ ஆட்டத்தில் கால்வைப்போர் கவனத்திற்கு

‘கரோசெல்’ போன்ற தளங்களில் ‘வார்ஹேமர் 40,000’ என்று தேடினால், வண்ணம் தீட்டிய சிறு போர்வீரர் பொம்மைகளுடன் கெட்டி அட்டை போட்ட விதிநூல்களும் வரிசையாக வந்து நிற்கும். புதிய நூலைவிட விலை குறைவு. பார்க்கவும் புத்தம் புதிது போலவே இருக்கும்.

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்துடன் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் மாணவருக்கும், பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு தேடும் பெற்றோருக்கும் அது நல்ல பேரமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால், அந்த நூலுடன் ஆடப்போனால் எதிரே இருப்பவர், “இது பழைய பதிப்பு, இதை வைத்து ஆட முடியாது” என்று சொல்லிவிடக்கூடும்.

அப்படியென்றால் பழைய விதிநூல்கள் எதற்குமே உதவாதவையா? இல்லை. எதற்காக வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

பத்துப் பதிப்புகள்

பிரிட்டனின் ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ நிறுவனம் 1987ல் இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியது. இருவர் தத்தம் பொம்மைப் படையை மேசைமேல் நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி மோதுவார்கள். அடிப்படை விதிகளுக்கு ஒரு நூல் உண்டு. ஒவ்வொரு படைக்கும் ‘கோடெக்ஸ்’ எனப்படும் தனி நூலும் உண்டு.

1993, 1998, 2004, 2008, 2012, 2014, 2017, 2020 என்று விதிகள் அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டன. பத்தாம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. 2014க்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்பது வழக்கமாகிவிட்டது.

முன்பு ஒரு நூல் நெடுநாள் தாங்கியது. 1998ல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் ஏழாம் பதிப்பு வரை விதிகளின் அடிப்படை ஏறக்குறைய ஒன்றே என்பதால், புதிய கோடெக்ஸ் வரும்வரை பழையதையே பயன்படுத்தலாம். ‘டார்க் எல்டார்’ படைக்கு 1998ல் வந்த நூல், இடையில் திருத்தங்களைக் கண்டாலும், 2010ல்தான் முற்றிலும் புதிய நூலுக்கு இடம் விட்டது.

2017ல் வந்த எட்டாம் பதிப்பு அந்தத் தொடர்ச்சியை அறுத்தது. உதாரணத்திற்கு, அதற்கு முன்பு ஓர் ஆயுதத்தின் துளைக்கும் திறன் போதுமானதாக இருந்தால், எதிரியின் கவசம் அறவே பயன்படாது. எட்டாம் பதிப்பிலிருந்து அதே திறன், கவசத்துக்கு உருட்டும் பகடை எண்ணிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைக்கும் கணக்காக மாறியது. வாகனங்களுக்கு முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று தனித்தனியே இருந்த கவச எண்களும் மறைந்தன. பழைய கோடெக்ஸ்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லாமல் போயின.

2023லும் அதுவே நடந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் கடைக்கு வந்த ‘வேர்ல்ட் ஈட்டர்ஸ்’ படையின் நூல், ஜூன் மாதமே காலாவதியானது.

இன்று ஆடுவதற்கா?

கடைகளிலும் போட்டிகளிலும் நடப்புப் பதிப்பை ஆடுவதே நோக்கம் என்றால், பழைய விதிநூலில் பணம் போடுவது வீண். பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை நிறுவனமே இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. படைகளின் புள்ளிக் கணக்கும் திருத்தங்களும் அவ்வப்போது இணையத்திலேயே வருகின்றன. அச்சிட்ட நூல் புதியதாக இருந்தாலும், அந்தத் திருத்தங்களையும் பார்த்தே ஆகவேண்டும்.

நடப்புப் பதிப்பின் கோடெக்ஸைப் பழைய விலைக்கு வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. அண்மைய கோடெக்ஸ்களுக்குள் கைத்தொலைபேசிச் செயலியில் பதிவதற்கான குறியீடு ஒன்று இருக்கும். அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். முதலில் வாங்கியவர் பதிந்திருந்தால் அடுத்தவருக்குப் பயனில்லை. பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

பழைய ஆட்டத்தையே ஆடுவதற்கா?

பழைய பதிப்புகளையே விரும்பி ஆடும் குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. திருத்தங்கள் நின்றுவிட்ட ஆட்டம் என்பதால், ஒருமுறை வாங்கினால் போதும் என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. இத்தகையோருக்குப் பழைய விதிநூல் உண்மையிலேயே லாபம்.

ஆனால், ஒரே ஒரு நூலை வாங்கினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். அடிப்படை விதிநூலும் இருவரின் கோடெக்ஸ்களும் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பதிப்பை ஆடச் சம்மதிக்கும் இன்னொருவர் வேண்டும்.

கதைக்கும் ஓவியத்துக்குமா?

விதி காலாவதியாகலாம், கதை அப்படி ஆவதில்லை. பழைய நூல்களில் பாதிக்கு மேல் படைகளின் வரலாறும், கறுப்பு வெள்ளை ஓவியங்களும், பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிய படங்களும் நிறைந்திருப்பதுண்டு. ஓவியர் ஜான் பிளான்ச் போன்றோரின் கைவண்ணத்துக்காகவே அவற்றைத் தேடுவோர் உண்டு.

கைவிடப்பட்டது திரும்பி வருவதும் உண்டு. 1983ல் தொடங்கிய ‘வார்ஹேமர் ஃபேன்டசி பேட்டல்’ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, 2015ல் வேறோர் ஆட்டத்தை நிறுவனம் கொண்டுவந்தது. ஆனால், 2024 ஜனவரியில் ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்ற பெயரில் அந்த உலகம் மீண்டும் மேசைக்கு வந்தது. பழைய படைநூல்களின் விதிகள் அதற்குச் செல்லாது. ஆயினும் பரணில் கிடந்த பல பொம்மைகளுக்கும், அந்த நூல்களில் உள்ள கதைக்கும் நிலப்படத்துக்கும் புது மதிப்புக் கிடைத்தது.

எல்லா ஆட்டங்களும் இப்படி அல்ல

1984ல் பிறந்த ‘பேட்டல்டெக்’ இதற்கு நேர்மாறு. அதன் அடிப்படை விதிகள் இத்தனை ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. 1980களில் அச்சான நூலில் உள்ள போர் இயந்திரத்தை இன்றைய மேசையிலும் பெரிய சிக்கலின்றி இறக்கலாம். அந்த ஆட்டத்தில் பழைய நூல் மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே, நூலின் வயதைவிட, அந்த ஆட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே முக்கியம்.

வாங்கும் முன் அட்டைப் படத்தை மட்டும் நம்பாமல், பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள ஆண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். தாள்கள் கழன்றுள்ளனவா என்றும் விசாரிக்கலாம். பரிசு வாங்கும் பெற்றோர் பிள்ளையிடமோ, பிள்ளையின் நண்பரிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “நீங்கள் எந்தப் பதிப்பு ஆடுகிறீர்கள்?”