குளிருக்குக் கதவை மூடும் கராஜ்காரர்களுக்கு

வேலைத்தலப் பாதுகாப்பு என்றால் அது கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளின் விடயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கு நான் முதலில் சொல்வது குளிரைப் பற்றியே.

நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே உள்ளது. மழையும் குளிரும் சேர்ந்தால் கராஜ் கதவை இழுத்து மூடிவிடுகிறோம். உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான பலத்துடன் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் அறிவித்தது. எனவே எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் வேலையை வெளியே செய்யுங்கள். முடியாவிட்டால் புகைக்குழாயில் ஒரு ஹோஸைப் பொருத்திப் புகையை வெளியே விடுங்கள், கதவையும் திறந்து வையுங்கள்.

மலைப்பாதையில் பிரேக் சீக்கிரம் தேயும். பழைய பிரேக் லைனர்களின் தூசில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரையும் வாகனத்துக்கு அடியில் அனுப்ப வேண்டாம். ஸ்டாண்ட் வைத்து, சில்லுக்குக் கட்டை போட்ட பிறகே அனுப்புங்கள்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. விபத்துக்குத்தான் செலவு. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வாகனம் திருத்தும் இடங்களுக்கும் பொருந்தும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளியே. 5,50,000 ரூபாவாக இருந்த அதன் உச்சத்தொகை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 20 இலட்சமாக உயர்ந்தது. சிறிய கராஜ் ஒன்றை மூடிவிட இந்தத் தொகை போதும். காப்புறுதி எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் காப்புறுதி பணத்தைத்தான் தரும். தோட்ட லயத்திலிருந்து காலையில் வேலைக்கு வரும் பையனின் உயிர் மாலைவரை நம்மிடமுள்ள அமானிதம். அவனை வந்தபடியே வீட்டுக்கு அனுப்புவதும் நம் வியாபாரக் கணக்கில் சேர்ந்ததே.