மந்திரிக்கும் உண்டு வைவா!



எக்ஸ்டர்னல் வருகிறார் என்றாலே நமக்கெல்லாம் வயிற்றில் புளி கரைக்கும். லேபில் நம்ம சார் எவ்வளவுதான் பாராட்டியிருந்தாலும், வெளிக் கல்லூரியிலிருந்து வந்தவர் எதிரே உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டைப் புரட்டி, "இது ஏன் இப்படி?" என்று கேட்டு, நாம் பதில் சொன்ன பிறகுதான் மார்க்.

அமெரிக்க ஜனாதிபதி தேர்ந்தெடுக்கும் மந்திரிகளுக்கும் இப்படி ஒரு வைவா இருக்கிறது. ஜனாதிபதி பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. செனட் சபை சரி என்று சொல்ல வேண்டும். இதைப் பற்றி லைப்ரரியில் படித்தபோது ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அது எந்த இடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம முறை வேறு

நம் நாட்டில் பிரதமர் சொல்லும் பெயர்களை ஜனாதிபதி மந்திரிகளாக நியமிக்கிறார். மந்திரியாகிறவர் எம்.பி.யாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 6 மாதத்துக்குள் எம்.பி. ஆக வேண்டும். ஒவ்வொரு மந்திரிக்கும் தனித்தனியாக ஓட்டெடுப்பு கிடையாது. மொத்த மந்திரி சபையும் மக்களவைக்குப் பொறுப்பு.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே எம்.பி.யாக இருப்பவர் மந்திரியாக இருக்கவே முடியாது. 2009-ல் ஹிலாரி கிளிண்டனும், 2025-ல் மார்கோ ரூபியோவும் செனட்டர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுத்தான் வெளியுறவு மந்திரி ஆனார்கள். மந்திரிகள் சபைக்குள் உட்காராததால், உள்ளே போகும் முன் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 2-வது பிரிவில், செனட்டின் ஆலோசனையும் சம்மதமும் பெற்றே நியமிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை ஏன் தேவை என்று வாதாடி எழுதியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். வேடிக்கை என்னவென்றால், 1789 செப்டம்பர் 11-ல் முதன்முதலாக இந்த வாசலைத் தாண்டிய மந்திரியும் அவர்தான். பெயர் போன அன்றைக்கே சம்மதம் வந்துவிட்டது! சின்ன வயதிலேயே தாயை இழந்து, கரீபியன் தீவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர்.

வைவா நடக்கும் விதம்

இப்போது அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. மொத்தம் 15 துறைகள். பெயர் அறிவித்ததும் அந்த ஆள் கட்டுக்கட்டாகப் படிவம் நிரப்ப வேண்டும். சொத்து என்ன, கடன் என்ன, எந்தக் கம்பெனியில் பங்கு, வரி கட்டினாரா என்று எல்லாம் அதில் வரும். எஃப்.பி.ஐ. போலீசும் விசாரிக்கும்.

பிறகு அந்தந்தத் துறைக்குரிய செனட் கமிட்டி. ராணுவ மந்திரி என்றால் ராணுவக் கமிட்டி, நிதி மந்திரி என்றால் நிதிக் கமிட்டி. டி.வி. கேமரா முன்னால் மணிக்கணக்கில் கேள்வி. கமிட்டி ஓட்டுப் போட்ட பிறகு விஷயம் முழு சபைக்கு வரும். புது செனட் ஜனவரி 3-ம் தேதி கூடுகிறது. புது ஜனாதிபதி பதவியேற்பது ஜனவரி 20. அதனால் அவர் பதவியேற்கும் முன்பே விசாரணை தொடங்கிவிடுவது வழக்கம்.

எல்லாப் பதவிக்கும் இது உண்டா? இல்லை. வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலருக்கும், தேசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கும் செனட் சம்மதம் தேவையில்லை.

ஓட்டுக் கணக்கு

50 மாநிலங்களுக்கு இரண்டிரண்டு பேராக, செனட்டில் 100 பேர். சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் 2013 வரை ஒரு சிக்கல் இருந்தது. எதிர்க்கட்சி பேசிக்கொண்டே இழுத்தடித்தால், விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும். அந்த வருடம் விதியை மாற்றி, அதற்கும் பெரும்பான்மை போதும் என்று ஆக்கினார்கள். அதன் பிறகு சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் ஜனாதிபதிக்குக் கவலை பாதி குறைந்துவிட்டது.

50-க்கு 50 என்று வந்தால்? சபைத் தலைவரான துணை ஜனாதிபதி ஓட்டுப் போடுவார். 2017-ல் கல்வி மந்திரி பெட்ஸி டிவோஸ், 2025-ல் ராணுவ மந்திரி பீட் ஹெக்செத் இருவரும் 51-50 என்று இப்படித்தான் தப்பினார்கள். இந்த நாற்காலியில் 2021 முதல் 2025 வரை இருந்தவர், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாத்தாவின் பேத்தி கமலா ஹாரிஸ். பல விஷயங்களில் மொத்தம் 33 முறை இப்படி ஓட்டுப் போட்டார். வேறு எந்தத் துணை ஜனாதிபதியும் இத்தனை முறை போட்டதில்லை.

ஃபெயில் ஆனவர்கள்

1789-லிருந்து சபை ஓட்டில் தோற்ற மந்திரி வேட்பாளர்கள் 9 பேர்தான். 1843-ல் கேலப் குஷிங் என்பவர் ஒரே நாளில் மூன்று முறை தோற்றார். ஜனாதிபதி விடாமல் அனுப்ப, செனட்டும் விடாமல் திருப்பி அனுப்பியது! கடைசியாகத் தோற்றவர் 1989-ல் ஜான் டவர். 24 வருடம் அதே சபையில் இருந்தவர். ராணுவக் கமிட்டிக்கே தலைவராக இருந்தவர். குடிப்பழக்கம் பற்றியும், ஆயுதக் கம்பெனிகளுடன் இருந்த தொடர்பு பற்றியும் கேள்வி எழுந்து, 47-53 என்று தோற்றார்.

ஒன்பது பேர்தானே என்று நினைக்காதீர்கள். தேறாது என்று தெரிந்ததும் தாங்களாகவே விலகியவர்கள் நிறைய. ஹால் டிக்கெட் வாங்கிவிட்டுப் பரீட்சைக்கு வராத மாதிரி!

நான் நின்ற இடம்

அப்படி விலகியவர்களில் ஒருவர் ஸோயி பேர்ட். 1993-ல் ஜனாதிபதி கிளிண்டன் இவரைச் சட்டத்துறைத் தலைவர் பதவிக்குச் சொன்னார். பெரிய வக்கீல். ஆனால் தன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் கார் ஓட்டவும், அந்நாட்டில் வேலை செய்ய அனுமதி இல்லாத வெளிநாட்டுத் தம்பதியை வைத்திருந்தார். அவர்களுக்காக முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு வரியையும் கட்டவில்லை. விஷயம் வெளியே வந்ததும் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஜனவரியிலேயே விலகிவிட்டார். பிறகு ஜேனட் ரெனோ 98-0 என்று தேறி, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் ஆனார். 1994-ல் வீட்டு வேலையாள் வரிச் சட்டத்தையே திருத்தினார்கள்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அந்த மூன்று சம்பளத்தில்தான் என் பரீட்சை ஃபீஸ். லீவு எடுத்தால் பிடித்தம் உண்டு. வயதான பிறகு என்ன என்று எந்த வீட்டிலும் பேச்சே வந்ததில்லை. இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "இதுக்காகவா அந்தம்மாவுக்கு மந்திரி வேலை போச்சு?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அங்கெல்லாம் வேலைக்காரிக்கும் கணக்கு எழுதணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்க முறை அப்பழுக்கில்லாதது என்று நான் சொல்லவில்லை. அதே 1993-ல் வணிக மந்திரி ரான் பிரௌனும் வீட்டு வேலையாளுக்கு அந்த வரி கட்டாதது தெரிய வந்தது. ஆனால் அதற்குள் அவருக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டுப் பதவியில் நீடித்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்கும் கேள்விக்கு அவ்வளவுதான் மதிப்பு. உட்காரும் முன் கேட்டால்தான் பதில் வரும்.

நாளை நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம், கான்ட்ராக்டர் ஆவோம், நமக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். அன்றைக்கு நம் கணக்கு நோட்டை ஒரு எக்ஸ்டர்னல் புரட்டினால் தலை நிமிர்ந்து உட்கார முடிய வேண்டும். என் நோட்டின் முதல் பக்கத்தை அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன்.

வரும் வைவாவில் எல்லோரும் தேற வாழ்த்துகள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை