டோலைத் தவிர்த்தா பணம் மிச்சமா?

சென்னையிலிருந்து மும்பைக்கு சொந்த காரில் கிளம்பப் போறீங்களா? மேப்பில் டோல் இல்லாத வழியைத் தேடும் முன் ஒரு சின்ன கணக்கு. லிட்டருக்கு 15 கி.மீ. மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய் என்றால், 15 கி.மீ. சுற்றினாலே 100 ரூபாய் காலி. மிச்சமாகும் டோல் அதைவிடக் குறைவா? அப்போ சுத்தாதீங்க.

அடுத்து, ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. 200 பயணம் அல்லது ஓராண்டு, எது முதலில் முடியுதோ அதுவரை செல்லும். போக, வர ஆகும் தேசிய நெடுஞ்சாலை டோலைக் கூட்டுங்க. பாஸ் விலையைத் தாண்டினால் ஒரே ட்ரிப்பில் லாபம். ஆனால் மாநில அரசின் புனே–மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் இந்தப் பாஸ் செல்லாது. அதுக்குத் தனியா பேலன்ஸ் வைங்க. ரொக்கமா கட்டினா இரண்டு மடங்கு!